வடித்த காய்

2024 ஆகஸ்ட் 19, திங்கள்

ஆவணி பிறந்துவிட்டது. மேகம் கூடுகிறது, கலைகிறது. கிழக்குப் புஞ்சையை உழுது போட டிராக்டருக்குச் சொல்லியிருக்கிறேன். நாளை, நாளை என்கிறான்.

மத்தியானம் பாளையம்பட்டிக்குப் போய் ஒரு வடிகூடை வாங்கி வந்தேன். எவர்சில்வர். அடியெல்லாம் கண் கண்ணாக ஓட்டை, தூக்க இரண்டு காது. "சீர் வைக்கவாண்ணே?" என்று கடைக்காரர் கேட்டார். காய் வடிக்க என்றேன். "காய வேகவச்சு வடிச்சா சத்தெல்லாம் தண்ணியோட போயிருமே" என்றார். போக வேண்டும் என்றுதான் வாங்குகிறேன். அவரிடம் அதையெல்லாம் எங்கே உட்கார்ந்து சொல்ல?

இந்த டைரியில் இதுவரை மழை, விதைப்பு, மருந்தடிப்பு, மாடு சினைக்கு விட்ட தேதி, இவ்வளவுதான் எழுதி வந்தேன். இனிமேல் சமையலும் எழுத வேண்டியிருக்கும். எழுதிப் பார்த்தால்தான் எனக்கு மண்டையில் நிற்கும்.

லட்சுமிக்கு இரண்டு கிட்னியும் சுருங்கிப் போய் வைகாசியிலிருந்து டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி அருப்புக்கோட்டைக்குப் போகிறோம். அடுப்படியில் நின்றால் கால் வீங்குகிறது, தலை சுற்றுகிறது. மகள் சத்யபிரியா கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றாள். வரக் கூடாது என்று நானும் சொன்னேன், லட்சுமியும் சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் ஒரே பேச்சாகப் பேசியது அன்றைக்குத்தான்.

ஆக, சமையல் நான்.


ஆகஸ்ட் 21, புதன்

ஆஸ்பத்திரியில் சாப்பாடு சொல்லித் தரும் பெண் ஸ்ரீமதி சொன்னது இது. காயில் பொட்டாசியம் என்று ஒரு உப்பு இருக்கிறது. நல்ல கிட்னி அதை வெளியே தள்ளிவிடும். லட்சுமிக்குத் தள்ளாது. ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுபோகும். அதனால் காயைத் தோல் சீவி, சின்னதாக நறுக்கி, வெந்நீரில் ஊறப் போட்டு, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, மறுபடி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்துவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். தக்காளி, புளி, தேங்காய், கீரை, வாழைப்பழம் கூடாது. சமையலில் உப்பும் கிடையாது. இளநீர் கூடவே கூடாது. "இளநி விஷம்னு நெனச்சுக்கோங்க அங்கிள்" என்றாள். லட்சுமியும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினாள்.

இன்று உருளைக்கிழங்கு. முதல் வடிப்பு சரியாக வந்தது. இரண்டாவது வடிப்பில் கொதிக்கிற சட்டியை நேரே வடிகூடையில் கவிழ்த்தேன். ஆவி முகத்தில் அடித்தது, கை உதறியது, பாதிக் கிழங்கு தொட்டியில். இடது மணிக்கட்டு வெந்துவிட்டது.

கட்டிலில் படுத்திருந்தபடியே கேட்டாள். "என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல."

"கைய தண்ணியில காட்டுங்க. மஞ்சத்தூளெல்லாம் அப்பிறாதீக."

பார்க்காமலே எப்படித் தெரிந்தது?


ஆகஸ்ட் 22, வியாழன்

சட்டியைக் கவிழ்க்கக் கூடாது. கூடையைத் தொட்டியில் வைத்துவிட்டு, சட்டியை நமக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து, மெதுவாக ஊற்ற வேண்டும். முகம் தள்ளி இருக்க வேண்டும்.


ஆகஸ்ட் 30, வெள்ளி

உழவு முடிந்தது. கட்டி பெரிது பெரிதாகக் கிடக்கிறது. ஒரு மழை விழுந்தால் உடையும்.

சோறும் இப்போது வடித்துத்தான். குக்கரை மேலே தூக்கி வைத்துவிட்டேன். கஞ்சி மாட்டுக்குப் போகிறது. காய் வடித்த தண்ணீரை முற்றத்துக் கறிவேப்பிலைக்கு ஊற்றுகிறேன்.

அவள் தட்டில் விழுவது: வெள்ளைச் சோறு, வெளுத்த காய், முட்டையின் வெள்ளைக் கரு. எல்லாம் ஒரே நிறம். ஊரில் விசேஷம், இழவு எதுவானாலும் அண்டாக் குழம்பு கொதிக்கும்போது உப்புப் பார்க்க லட்சுமியைத்தான் கூப்பிட்டு விடுவார்கள். அவள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துத் தலையாட்டினால்தான் பந்தி போடுவார்கள். அவளுக்கு நான் இதைக் கொடுக்கிறேன். அவளும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறாள்.

வைதாளென்றால் தேவலை.


செப்டம்பர் 10, செவ்வாய்

ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் இறங்கியிருக்கிறது. ஸ்ரீமதி கை கொடுத்தாள். "நல்லா வடிக்கிறீங்க அங்கிள்." பஸ்ஸில் வரும்போது அதை லட்சுமியிடம் இரண்டு தடவை சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். டயாலிசிஸ் முடிந்து வரும் நாளில் அவளுக்கு உடம்பில் உயிரே இருப்பதில்லை. நான்தான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.


செப்டம்பர் 22, ஞாயிறு

சுரைக்காய் வடித்துத் தாளித்தேன். இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

"என்ன?"

"போதும்."

"கொஞ்சந்தான தின்ன. புரதம் வேணும்னு சொல்லிருக்காகல்ல. அந்த முட்டையவாச்சும் தின்னு."

"சவசவன்னு இருக்குங்க. துணி திங்கிற மாதிரி இருக்கு."

எனக்குச் சுர்ரென்று வந்தது. காலையிலிருந்து சீவி, நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து — "ருசிக்கா நான் ஆக்குறேன்? நீ உசுரோட இருக்கணும்னு ஆக்குறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் முட்டையை எடுத்து மென்று விழுங்கினாள். மருந்து விழுங்குவதுபோல. பிறகு கையைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள்.

சொல்லியிருக்க வேண்டாம்.


செப்டம்பர் 29, ஞாயிறு

வெயில் பங்குனி மாதிரி அடிக்கிறது. குடிக்கிற தண்ணீர் வெளியேறாமல் உடம்பில் தங்கிவிடும் என்பதால், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவளுக்கு ஒரு சொம்பில் அளந்து வைத்திருக்கிறேன். நாக்கை நனைத்து நனைத்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் எதிரே தண்ணீர் குடிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தொழுவத்துக்குப் போய்க் குடித்துவிட்டு வருகிறேன்.


அக்டோபர் 6, ஞாயிறு

விடியற்காலையில் நல்ல மழை. ஈரம் ஒரு சாண் இறங்கியிருக்கிறது. கொத்தமல்லி விதைக்க ஆள் கூட்டிக்கொண்டு புஞ்சைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது காளீஸ்வரன் மச்சான் வந்து போனதாக லட்சுமி சொன்னாள். அவளுடைய அண்ணன். பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டின் மேல் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். தங்கச்சி என்றால் உயிர்.

அவள் முகம் கொஞ்சம் தெளிவாக இருந்தது. அண்ணனைப் பார்த்த சந்தோஷம் என்று நினைத்தேன்.


அக்டோபர் 9, புதன், மதுரை

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

திங்கள் காலையில் எழுந்திருக்க முடியவில்லை என்றாள். கால் துவண்டு போயிற்று. தூக்கி உட்காரவைத்தால் சரிகிறாள். "நெஞ்சு என்னமோ மெதுவா அடிக்குதுங்க" என்றாள். ஆட்டோவில் போட்டுக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போனோம். நெஞ்சில் வயர் ஒட்டி எடுத்த பேப்பரைப் பார்த்ததுமே டாக்டர் ஓடினார். ஊசி மேல் ஊசி. பொட்டாசியம் ஏறிவிட்டதாம். அங்கிருந்து ஆம்புலன்சில் மதுரை, வந்த உடனே டயாலிசிஸ். காரியாபட்டி தாண்டும்போது அவள் கண் செருகியது. கூட வந்த நர்ஸ் "அம்மா, அம்மா" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். நான் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை.

"என்ன சாப்பிட்டாங்க?" என்று டாக்டர் கேட்டார். எல்லாம் வடித்துத்தான் கொடுத்தேன் சார், ரெண்டு தடவை வடித்தேன் சார் என்றேன். ஊறப் போட்ட தண்ணீரை மறந்துபோய்க் குழம்பில் ஊற்றிவிட்டேனா? எந்த நாள், எந்தக் காய் — யோசித்து யோசித்துப் பார்த்தேன்.

அப்போது மச்சான் வந்து சேர்ந்தார். டாக்டர் கேட்டதைக் கேட்டுக்கொண்டே நின்றவர், "ஞாயித்துக்கெழம இளநி வாங்கிட்டுப் போனேன் மாப்ள. ரெண்டு குடிச்சுச்சு" என்றார்.

அதற்குப் பிறகு நான் பேசியதை முழுக்க எழுத வேண்டாம். "உன் தங்கச்சிய உன் கையாலயே கொல்லப் பாத்தியேய்யா" என்று வராந்தாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அறுபதைத் தொடுகிற மனிதர். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "எனக்குத் தெரியாது மாப்ள" என்று ஒரு தடவைதான் சொன்னார். பிறகு படியிறங்கிப் போய்விட்டார்.

லட்சுமி பிழைத்துக்கொண்டாள். நாளை மறுநாள் அனுப்புவார்களாம். சத்யபிரியா வந்திருக்கிறாள்.


அக்டோபர் 13, ஞாயிறு

வீடு. மல்லி முளைத்திருக்கிறது. சத்யபிரியா இன்று ஊருக்குத் திரும்பினாள். "மாமாவுக்கு ஒரு போன் போடுங்கப்பா" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு புஞ்சைக்குக் கிளம்பினேன்.


அக்டோபர் 20, ஞாயிறு

வடிக்கிறேன். கொடுக்கிறேன்.

முன்பு இரண்டு தடவை வடித்ததை இப்போது மூன்று தடவை வடிக்கிறேன். காய் கூழாகிவிடுகிறது. அவள் அண்ணன் பேச்சை எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை.


அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. டயாலிசிஸை முந்தின நாளுக்கே மாற்றிக்கொடுத்திருந்தார்கள்.

எங்கள் கல்யாணத்திலிருந்து ஒரு தீபாவளிகூட மச்சான் வராமல் இருந்ததில்லை. காலை ஒன்பது மணி பஸ்ஸில் சேலைத்துணிப் பையும் அதிரசத் தூக்குச்சட்டியுமாக இறங்கி, தெருவில் நுழையும்போதே "ஏத்தா லச்சுமி" என்று சத்தம் கொடுத்துக்கொண்டு வருவார்.

பஸ் வந்தது. போயிற்று. லட்சுமி வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த பஸ் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். பிறகு தானாக எழுந்து நாற்காலியைத் தூக்கப் போனாள். நான் வாங்கி உள்ளே வைத்தேன்.


நவம்பர் 3, ஞாயிறு

இன்று நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

பீர்க்கங்காய் வடித்துக்கொண்டிருந்தேன். லட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள்.

"அண்ணன் மேல கோவப்படாதீக."

நான் திரும்பவில்லை. "வேற யாரு மேல படச் சொல்ற?"

"எம் மேல படுங்க. அவுகளா வாங்கியாரல. நாந்தான் போன் போட்டு இளநி வேணும்னு கேட்டேன்."

கூடை கையிலேயே இருந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணு சொன்னப்ப நீயும்தான பக்கத்துல இருந்த?"

"இருந்தேன்."

"விஷம்னு சொல்லுச்சே."

"ஆமா."

"தெரிஞ்சேவா குடிச்ச?"

"தெரிஞ்சேதான் குடிச்சேன்."

கூடையைத் தொட்டியில் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் மெதுவாக நிலைப்படியில் உட்கார்ந்தாள். வெளியே யாரோ ஆட்டுக்குட்டியைத் தேடிக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

"செத்துப் போகணும்னு நெனச்சியா லச்சுமி?"

"அப்படியெல்லாம் நெனைக்கல. நெசமா நெனைக்கல. குடிச்சா என்ன ஆகும்னு தெரியும், ஆனா ஆகிட்டுப் போகட்டும்னு இருந்துச்சு. ரெண்டும் வேறங்க." முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது. இளநி உடம்புக்குக் குளிர்ச்சி, நல்லாக் குடி ஆத்தான்னு சீவிச் சீவிக் குடுத்தாக. எத்தன மாசங் கழிச்சு வாய் நெறைய ஒண்ணு குடிச்சேன் தெரியுமா."

இரண்டும் வேறா? எனக்குப் புரிகிற மாதிரியும் இருக்கிறது, புரியாத மாதிரியும் இருக்கிறது.

"நான் ஆக்குறது அவ்வளவு மோசமாவா இருக்கு?" இதைத்தான் கேட்டேன். கேட்க வேண்டியது எத்தனையோ இருக்க, இதைக் கேட்டேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து, பிறகு அழுதாள். நானும்.


நவம்பர் 4, திங்கள்

ராத்திரியெல்லாம் மழை. தூக்கமில்லை. அண்ணன் என்றால் இப்படி ஒரு அண்ணனா? ஆஸ்பத்திரியில் அத்தனை பேச்சையும் நின்று வாங்கிக்கொண்டாரே. அவதான் கேட்டா மாப்ள என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே.


நவம்பர் 6, புதன்

பந்தல்குடிக்குப் போனேன். பக்கத்து வீட்டுத் தங்கபாண்டியை லட்சுமிக்குத் துணையாக விட்டுவிட்டுப் போனேன்.

கடை முன்னால் ஒரு உப்பு லாரி நின்றது. மச்சான் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி முக்கிக் கொப்புளம் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "லச்சுமிக்கு என்ன?" என்றார். முகம் வெளிறிப் போயிற்று.

"ஒண்ணுமில்ல மச்சான். நல்லாருக்கா."

மறுபடி உட்கார்ந்து டியூபை எடுத்துக்கொண்டார். லாரி போகும் வரைக்கும் நான் டயர் மேல் உட்கார்ந்திருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் வரும்போது நினைத்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"லச்சுமி சொல்லிட்டா மச்சான். அவதான் கேட்டாளாம்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த கையையே துடைத்தார்.

"அன்னைக்கே நீங்க சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீ அவள வைவ. அவ அங்க மிசின்ல கெடக்கா. எனக்கென்ன, ரெண்டு காதுல வாங்கிட்டுப் போறேன்."

"தப்புதான் மச்சான். நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"விடு மாப்ள." ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். "நீ சொன்னது பொய்யில்லையே. என் கையாலதான் சீவுனேன். இப்பல்லாம் அருவாளத் தொடுறதேயில்ல. கடைக்கு எதுத்தாப்ல இளநி வண்டி போட்டுருக்கவன வேற எடத்துக்குப் போயிருய்யான்னு சொல்லிட்டேன்."

சோலையம்மாள் அக்கா, அவர் மனைவி, வீட்டுக்குள் இருந்து டீ கொண்டுவந்தார்கள். மூன்று பேரும் குடித்தோம். கிளம்பும்போது அக்காதான் கேட்டார்கள்: "தம்பி, அவளுக்கு என்னதான் குடுக்கலாம்? அத ஒழுங்காச் சொல்லிக் குடுங்க. நாங்களா ஒண்ணச் செய்யப்போயி இன்னொண்ணாயிரக் கூடாது."

சொன்னேன். சீவி, நறுக்கி, ஊறப் போட்டு, வடித்து, வேகவைத்து, வடித்து. அக்கா ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்கள். மச்சான் குறுக்கே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தண்ணி?"

"அளந்துதான் மச்சான்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.


நவம்பர் 10, ஞாயிறு

இன்று ஒரு ஏற்பாடு செய்தோம். அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டு அவளை உட்காரவைத்துவிட்டேன். அவள் பேச வேண்டும், நான் செய்ய வேண்டும்.

முட்டைக்கோஸ் வடித்து, வழக்கம்போல உடனே சட்டியில் போடப் போனேன்.

"இருங்க, இருங்க. அதுக்குள்ள ஏன் போடுறீக?"

"வடிச்சாச்சே."

"எங்க வடிச்சீக? கூடைய ஆட்டிப் பாருங்க."

ஆட்டினேன். அடியில் தண்ணீர் கொட்டியது.

"ஈரத்தோட எண்ணெயில போட்டா வதங்குமா? மறுபடி அவிஞ்சுதான் போகும். அதான் துணி மாதிரி இருக்கு. கூடையிலயே பரப்பி விடுங்க. காத்தாட ஆறட்டும். ஆவி அடங்கி, தொட்டா கையில ஒட்டாம இருக்கணும். பெறகு தாளிங்க."

ஆகஸ்டிலிருந்து வடிக்கிறேன். ஆறவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளும் சொல்லவில்லை. நான் எங்கே சொல்லவிட்டேன்? ருசிக்கா ஆக்குகிறேன் என்று அன்றைக்கே வாயை அடைத்துவிட்டேனே.

சட்டி காய்ந்ததும் கடுகு, சீரகம், ஒரு மிளகாய் வற்றல், நசுக்கிய பூண்டு இரண்டு பல், கறிவேப்பிலை. பூண்டு சிவக்கும்போது காயைப் போடச் சொன்னாள். சடசடவென்று சத்தம் வந்தது. இந்தச் சத்தம் என் சமையலில் இதுவரை வந்ததில்லை. இறக்கும்போது மிளகைத் தட்டிப் போட்டேன், எலுமிச்சை நாலு சொட்டு.

ஓரம் லேசாக முறுகியிருந்தது. முழுவதும் சாப்பிட்டாள்.

"உப்பு?" என்று கேட்டேன்.

"இல்லதான். ஆனா தேடல."


நவம்பர் 12, செவ்வாய்

மூன்று தடவை வடிப்பதை ஸ்ரீமதியிடம் சொன்னேன். இரண்டு போதும் என்று சிரித்தாள். பூண்டும் மிளகும் அளவோடு சேர்த்துக்கொள்ளலாமாம். வாரத்தில் இரண்டு நாள் கோழிக்கறி கொடுக்கச் சொன்னாள், அதையும் ஒரு கொதி விட்டுத் தண்ணீரை வடித்துவிட்டு. இவ்வளவையும் நான் கேட்டிருக்கலாம். கூடாததை மட்டுமே கேட்டுக் கேட்டு வந்திருக்கிறேன்.

இளநீர் விஷயத்தையும் லட்சுமியே அந்தப் பெண்ணிடம் சொன்னாள். என்னை வெளியே போய் டீ குடிக்கச் சொல்லிவிட்டுச் சொன்னாள். டீ குடித்துவிட்டு வந்தபோது ஸ்ரீமதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. இனி மாதம் ஒருநாள் மனசுக்கு ஆலோசனை சொல்லும் டாக்டரையும் பார்க்க வேண்டுமாம். சரி என்று லட்சுமியே சொல்லியிருக்கிறாள்.


நவம்பர் 26, செவ்வாய்

மழை விடவில்லை. மல்லியில் தண்ணீர் நிற்கிறது. வரப்பை வெட்டி விட்டேன்.


டிசம்பர் 8, ஞாயிறு

கோழி. வடித்து, ஆறவிட்டு, மிளகு போட்டுப் பிரட்டல். எனக்குத் தனியாக வேறு ஆக்குவதை நிறுத்திவிட்டேன். அவள் தின்பதையே நானும் தின்கிறேன். உப்பு மட்டும் என் தட்டில் ஓரமாக. முதல் வாரம் பச்சைத் தண்ணீரைக் குடித்தது மாதிரி இருந்தது. இப்போது டீக்கடை வடை உப்புக் கரிக்கிறது.

லட்சுமி இன்று சண்டை போட்டாள். பூண்டைக் கருகவிட்டேனாம். "அடுப்புல சட்டிய வச்சுட்டு மேகத்தப் பாக்குற ஆம்பளைய இப்பத்தான் பாக்குறேன்" என்றாள். நன்றாகவே வைதாள்.


டிசம்பர் 19, வியாழன்

இன்று முடியாத நாள். டயாலிசிஸின்போது பிரஷர் இறங்கி வாந்தி எடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் எதுவும் வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது. எழுதி வைத்துக்கொள்கிறேன், அடுத்த தடவை பயப்படாமல் இருக்க.


2025 ஜனவரி 12, ஞாயிறு

மச்சானும் அக்காவும் வந்தார்கள். அக்டோபருக்குப் பிறகு அவர் இந்த வீட்டு வாசலை மிதிப்பது இன்றுதான்.

"ஏத்தா லச்சுமி" என்ற சத்தம் தெருவில் கேட்டது. முன்னைப்போல ஓங்கி இல்லை. பாதிச் சத்தம்தான். லட்சுமி சுவரைப் பிடிக்காமல் எழுந்து போனாள்.

பொங்கல்படி கொண்டுவந்திருந்தார்கள். பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்கு வருகிற சீர். பொங்கல்படி என்றால் என்னென்ன இருக்கும்? கரும்புக்கட்டு, வாழைத்தார், தேங்காய், மண்டைவெல்லம். அத்தனையும் அவளுக்கு ஆகாதது. வேண்டாம் என்று எப்படிச் சொல்ல, சொல்லாமல் எப்படி இருக்க?

மச்சான் சாக்கைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்துக் கூடத்தில் வைத்தார். பச்சரிசி. ஒரு பை வெள்ளைச் சீனி. முட்டைக்கோஸ் மூன்று. பீர்க்கங்காய். நீளமாக ஒரு சுரைக்காய். வாழைப்பழத்துக்குப் பதில் ஆப்பிள். மஞ்சள்கொத்து. கடைசியாக ஒரு சேலை.

"அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணப் போயிப் பாத்தேன்" என்றார் மச்சான், யாரையும் பார்க்காமல். "என்னென்ன குடுக்கலாம்னு அதுகிட்டக் கேட்டுத்தான் வாங்குனேன். வெல்லத்துக்குப் பதிலா சீனி போட்டுப் பொங்கலாமாம். ரெண்டு கரண்டிக்கு மேல குடுக்கக் கூடாதாம்."

லட்சுமி சுரைக்காயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஊர் ஒலகத்துல பொங்கப்படிக்குச் சொரக்காய் கொண்டாந்த அண்ணன் நீ ஒருத்தன்தாண்ணே."

மச்சான் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். "என்னய மன்னிச்சுருத்தா."

"நீ எதுக்குண்ணே? கேட்டது நானு."

"கேட்டா? நீ என்னத்தக் கேட்டாலும் குடுத்துருவேன்னு உனக்குத் தெரியும். இனிமே என்கிட்டக் கேக்காத. மாப்ளகிட்டக் கேளு."

"கேக்கல. இனிமே யாருகிட்டயும் கேக்கல" என்றாள். "சத்தியமா."

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். அண்ணன் தங்கச்சிக்கு நடுவில் நான் எதற்கு?

பின்னாலேயே அக்கா வந்தார்கள். "தள்ளுங்க தம்பி. வீட்டுல இப்படி எத்தன நாள் ஆக்கிப் பாத்துட்டேன் தெரியுமா. இவுக சத்தமில்லாம உக்காந்து திம்பாக." அக்காவே சீவி, நறுக்கி, ஊறவைத்து வடித்தார்கள். கூடையை இரண்டு தடவை உதறி, பரப்பி, ஜன்னல் காற்றில் வைத்தார்கள். நான் சொல்லாமலே. இதை யார் சொன்னார்கள் என்று கேட்டேன். லட்சுமி போனில் சொன்னாளாம். எனக்குத் தெரியாமல் நாத்தனாரும் மதினியும் தினமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நாலு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தோம். ஒரே காய். ஒரே சோறு.


ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். டயாலிசிஸ் நேற்றே முடிந்துவிட்டது. சத்யபிரியா வந்திருக்கிறாள். சீனிப் பொங்கல் வெள்ளை வெளேரென்று இருந்தது. லட்சுமிக்கு இரண்டு கரண்டி. மூன்றாவது கரண்டிக்கு அவள் கேட்கவுமில்லை, நான் கொடுக்கவுமில்லை.


ஜனவரி 27, திங்கள்

மல்லி பூ விட்டுவிட்டது. புஞ்சை முழுக்க வெள்ளை. பனி இன்னும் ஒரு வாரம் இருந்தால் நல்லது.


பிப்ரவரி 6, வியாழன்

பொட்டாசியம் அளவுக்குள் இருக்கிறது. நீர் சேர்ந்து எடையும் கூடவில்லை. டயாலிசிஸ் முடிந்து கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்தாள். நேரே பஸ் ஸ்டாண்டு போவோம் என்று நான் நடந்தால், "இருங்க" என்றாள். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அண்ணன் கொடுத்த சேலையோடு வந்த ஜாக்கெட் துணி. கூடவே அளவு ஜாக்கெட்டும் கொண்டுவந்திருந்தாள். காலையிலேயே எடுத்து வைத்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை.

திருச்சுழி ரோட்டில் அவளுக்குப் பழக்கமான டெய்லர் கடை. நான் வெளியே நின்றேன். உள்ளே பேசுவது கேட்டது.

"அளவு இதான். எடது கை மட்டும் லூசா வைங்க. ஊசி போடுற கை. நரம்பு பொடைச்சு இருக்கும், இறுக்கிரக் கூடாது."

"எப்ப வேணும்க்கா?"

"அவசரமில்ல. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் கட்டணும். அதுக்குள்ள குடுத்தாப் போதும்."